பந்து வராத பக்கம்

மில்வாக்கியிலிருந்து மிஷிகன் ஏரியை ஒட்டி வடக்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் கிரீன் பே. வழியெல்லாம் மக்காச்சோள வயல், சிவப்புச் சாயம் பூசிய மாட்டுக் கொட்டகை, அதன் பக்கத்தில் தீவனம் சேமிக்கும் உயரமான உருளைக் கோபுரம். ஊரை நெருங்கினால் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் காகித ஆலைகள். பிறகு, முன்புறம் ஒட்ட வெட்டிய புல்லும் கூடைப்பந்து வளையமுமாகச் சின்னச் சின்ன வீடுகள் நிற்கும் சாதாரணத் தெரு ஒன்றின் கோடியில் லாம்போ ஃபீல்டு எழுந்து நிற்கிறது. 1957-ல் திறந்த அரங்கம். இன்று அதில் 81,441 பேர் உட்காரலாம். ஊரின் மொத்த மக்கள்தொகையே ஒரு லட்சத்து ஏழாயிரம்தான்.

நான் போனது 2022 ஆகஸ்டில், கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சி முகாமைப் பார்க்க. அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். சீசன் செப்டம்பரில்தான் தொடங்கும். ஜூலைக் கடைசியில் ஒவ்வோர் அணியும் 90 பேரைக் கூட்டி முகாம் போடும். ஆகஸ்ட் முடிவதற்குள் அந்த 90 பேர் 53 ஆகக் குறைய வேண்டும். யார் நிற்பார், யார் போவார் என்பதுதான் அந்த வாரங்களில் ஊர்ப் பேச்சு. அந்த ஆண்டு பேச்சு முழுக்க ரிசீவர்களைப் பற்றி. குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர். அவர் ஓட வேண்டிய பாதைக்கு ரூட் என்று பெயர். எத்தனை யார்டு நேராக ஓடி, எந்தக் காலை ஊன்றி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும். அவரோடு ஒட்டிக்கொண்டு ஓடித் தடுக்க எதிரணியில் கார்னர்பேக் ஒருவர் நிற்பார். பல சமயம் ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து குவார்ட்டர்பேக்கின் கையை விட்டுக் கிளம்பியிருக்கும். ஆள் வந்து சேரப்போகும் இடத்தைக் குறிவைத்து எறிகிற எறி அது. அங்கே ஆள் வந்து சேராவிட்டால் பந்து எதிரணியின் கையில்.

அந்த மார்ச் மாதத்தில்தான் டவான்டே ஆடம்ஸை லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணிக்குக் கொடுத்திருந்தார்கள். முந்தைய சீசனில் மட்டும் 123 பந்துகளைப் பிடித்து 1,553 யார்டு எடுத்தவர். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஏப்ரலில் நடந்தபோது, முதல் சுற்றிலேயே ஒரு ரிசீவர் வருவார் என்று ஊர் காத்திருந்தது. பேக்கர்ஸ் முதல் சுற்றில் கையிலிருந்த இரண்டு வாய்ப்பையும் தடுப்பாட்டக்காரர்களுக்கே கொடுத்துவிட்டது. அதன்பிறகு மூன்று ரிசீவர்களை எடுத்தார்கள்: 34-வது இடத்தில் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் வாட்சன், நான்காம் சுற்றில் 132-வதாக நெவாடாவின் ரோமியோ டோப்ஸ், கடைசிச் சுற்றில் 258-வதாக நெப்ராஸ்காவின் சமோரி டூரே. மூவரும் ரூக்கிகள், அதாவது முதலாண்டுக்காரர்கள். ஆடம்ஸ் விட்டுப்போன இடத்தை இந்த மூவரும்தான் நிரப்ப வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது.

காலைப் பயிற்சிக்கு முன்னால் அரங்கத்து வாசலில் சைக்கிள்கள் வரிசை கட்டி நிற்கும். ஆட்டக்காரர்கள் உடை மாற்றிக்கொண்டு ஒனைடா தெருவைக் கடந்து எதிரே இருக்கும் பயிற்சி மைதானத்துக்குப் போக வேண்டும். வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்து ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளில்தான் அவர்கள் போகிறார்கள். நூற்று ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு சின்னப் பெண்ணின் ஊதா நிற சைக்கிளில் முழங்கால் மார்பைத் தொட உட்கார்ந்து மிதிக்கிறார். அவருடைய ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அந்தப் பெண் பக்கத்திலேயே ஓடி வருகிறாள். பல ஆண்டுகளாக ஆடுபவர்கள் வருடா வருடம் ஒரே பிள்ளையைத் தேடிப் போவதுண்டு. அந்தப் பிள்ளை வளர வளர சைக்கிளும் உயர்ந்துகொண்டே போகும். ரூக்கிகள்தான் வாசலில் தயங்கி நிற்கிறார்கள். எத்தனையோ கைகள் நீள்கின்றன, எதைப் பற்றுவது? வேறு எந்தத் தொழில்முறை அணியிலும் இப்படி ஒரு வழக்கம் வேர்விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு புது ஆட்டக்காரர் இந்த ஊரில் முதலில் கைகுலுக்குவது ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்றோடு என்பதை நினைக்க நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஊருக்கும் அணிக்கும் இடையே உள்ள உரிமை வெறும் பாசத்தில் நிற்பதும் இல்லை. 1919-ல் தொடங்கிய இந்த அணிக்கு முதலாளி என்று தனி ஆள் கிடையாது. 1923-லிருந்து ஆறு முறை பங்குகள் விற்றிருக்கிறார்கள். கடைசி விற்பனை 2022 பிப்ரவரியில்தான் முடிந்தது, ஒரு பங்கு 300 டாலர். இன்று பங்குதாரர்கள் 5 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல். லாபப் பங்கு வராது, சந்தையில் விற்கவும் முடியாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைக்கிற காகிதம் அது. பயிற்சி மைதானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் வீட்டிலும் அப்படி ஒன்று மாட்டியிருப்பதாகச் சொன்னார். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்தியோடு வந்திருந்தார். பேத்தியின் சைக்கிளை அன்று யாரும் எடுக்கவில்லை. அவளுக்கு அதில் வருத்தம்தான், ஆனால் மைதானத்துக்குள் வந்ததும் மறந்துவிட்டாள்.

பயிற்சி நடக்கும் இடம் ரே நிட்ச்கி ஃபீல்டு. 1958 முதல் 1972 வரை இந்த அணிக்கு ஆடிய முரட்டுத் தடுப்பாட்டக்காரரின் பெயர். ஒரு பக்கம் அலுமினியப் பலகை இருக்கைகள், அனுமதி இலவசம். இருக்கைக்கும் கோட்டுக்கும் இடையே அதிக தூரமில்லை. ஷூ முள் புல்லைக் கிழிக்கிற சத்தம் கேட்கும், கார்னர்பேக் ரிசீவரைச் சீண்டுவது கேட்கும், பந்து கையுறையில் விழுவது கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே நன்றாகப் பிடித்தாரா இல்லையா என்று சொல்லிவிடுகிறவர்கள் அங்கே இருந்தார்கள். உள்ளங்கையும் விரலும் சேர்ந்து பிடித்தால் ஒரு சத்தம், மார்புக் கவசத்தில் மோதி அணைத்துக்கொண்டால் வேறொரு சத்தம். இரண்டாவது சத்தம் கேட்டால் தலையசைப்பார்கள். மார்பில் வாங்குகிற ரிசீவரிடமிருந்து பந்தைத் தட்டிவிடுவது கார்னர்பேக்குக்குச் சுலபம்.

அந்த முகாமின் நாயகன் 87-ம் எண். டோப்ஸ். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்து வளர்ந்தவர், அதிகம் பேசாதவர். முகாம் தொடங்கிய நாளிலிருந்தே ஒவ்வொரு நாளும் ஒருமுறையாவது இருக்கையிலிருந்து எல்லோரையும் எழுப்பிவிடுகிறார் என்பது ஊரெங்கும் பரவியிருந்தது. அணியின் அப்போதைய குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸே நிருபர்களிடம் அதே பொருளில் சொல்லியிருந்தார். ராஜர்ஸ் புதியவர்களைப் புகழ்வது அபூர்வம் என்பதால் அந்தச் சொல்லுக்குத் தங்கத்தின் மதிப்பு. நான் பார்த்த ஒரு காலையில், ஓரக்கோட்டை ஒட்டி நேராக ஓடிய 87 கடைசி நொடிவரை கையை உயர்த்தவே இல்லை. பந்து தோளுக்கு மேல் வந்த பிறகுதான் கை எழுந்தது. பக்கத்தில் ஓடிய கார்னர்பேக்குக்குப் பந்து வந்ததே தெரியாது. இருக்கைகள் எல்லாம் எழுந்து ஆரவாரம் செய்தன.

பெரியவர் எழவில்லை. நான் எழுந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "கையை எல்லாரும் பார்ப்பாங்க. நீங்க காலைப் பாருங்க. பந்து அவர் பக்கம் வராதப்போ பாருங்க."

அதற்கு அடுத்த ஒரு மணி நேரம் அவர் எனக்கு அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சியில் ரிசீவரின் முதல் அடி என்ன? பின்னங்காலை ஒருமுறை எடுத்து வைத்துவிட்டுப் புறப்பட்டால் அந்த அரை நொடி போய்விட்டது. கார்னர்பேக் மார்பில் கை வைத்து அழுத்தும்போது அந்தக் கையைத் தட்டிவிடுகிறாரா, சுற்றிப்போய் இடத்தை இழக்கிறாரா? திரும்பும் முன் வேகம் குறைந்து காட்டிக்கொடுக்கிறாரா? பதினொருவர் எதிர் பதினொருவர் ஆடும்போது பந்து இடப்பக்கம் போகிறது, வலப்பக்கம் ஓடிய ரூக்கி தன் ரூட்டைக் கடைசிவரை ஓடி முடிக்கிறாரா, பாதியில் தளர்ந்து நடக்கிறாரா? ஆட்டத்தை ஓட்டமாகக் கொண்டுபோகும்போது எதிராளியைத் தள்ளித் தடுக்கிறாரா? எல்லோரும் பந்து போகும் திசையைப் பார்க்கும்போது அவர் எதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து வராத பக்கத்தில்தான் ஒரு ரிசீவர் தன்னை மறைக்க முடியாமல் நிற்கிறார் என்பது அவருடைய கட்சி. அங்கே உட்கார்ந்து பார்த்த பிறகு என் கட்சியும் அதுதான்.

இதற்குக் காரணம் ராஜர்ஸ் ஆடும் விதத்திலும் இருக்கிறது. ரூட் காகிதத்தில் ஒன்றாக இருந்தாலும், தடுப்பவர்கள் நிற்கும் விதத்தைப் பார்த்து ஓடும்போதே அதை மாற்றிக்கொள்ள வேண்டும். பந்து போடுவதற்கு முன் ராஜர்ஸ் காட்டும் கைச்சைகை ஒன்று திட்டத்தையே மாற்றிவிடும். கார்னர்பேக் முன்னால் ஓடினால் பந்து பின்தோளுக்கு வரும், ரிசீவர் திடீரென்று நின்று திரும்ப வேண்டும். இருவரும் ஒரே காட்சியைப் பார்த்து ஒரே முடிவுக்கு ஒரே நொடியில் வர வேண்டும். ஆடம்ஸுக்கு அது எட்டு ஆண்டுகளில் கைவந்தது. மூன்று வாரத்தில் ஒரு ரூக்கிக்கு எப்படி வரும்?

எங்களுக்கு முன்வரிசையில் ஆப்பிள்டன் ஊரிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். மடியில் நோட்டுப் புத்தகம். யார் யார் எந்தக் குழுவோடு ஆடினார்கள், முதல் குழுவோடா மூன்றாம் குழுவோடா என்று குறித்துக்கொண்டே இருந்தார். அவர் பார்வை பாதி நேரம் மைதானத்தின் ஓரத்தில் இருந்தது. அங்கே முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த வாட்சன், மற்ற காயக்காரர்களோடு தனியே உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். ஆறடி நான்கங்குலம், 40 யார்டை 4.36 நொடியில் ஓடியவர். அவருடைய தந்தையையும் 1993 டிராஃப்டில் எடுத்தது இதே பேக்கர்ஸ்தான்.

"அந்த உயரத்துக்கு அந்த வேகம் சும்மா கிடைக்குமா? இவர் களத்துக்கு வரட்டும், அப்புறம் பேசுங்க" என்றார் ஆசிரியை.

"சின்ன டிவிஷன் கல்லூரிங்க. இங்கே நிக்கிற கார்னர்பேக்குங்க மாதிரி ஒருத்தரையாவது அங்கே பார்த்திருப்பாரா?" என்றார் பெரியவர்.

"ஆடம்ஸுக்குக் கிடைச்சதைக் கொடுத்துத்தானே இவரை வாங்கினோம். சும்மா விடுவாங்களா?"

ஆசிரியை சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆடம்ஸுக்கு ஈடாக ரெய்டர்ஸ் கொடுத்த இரண்டு வாய்ப்புகளில் ஒன்று 53-வது இடம். பேக்கர்ஸ் அதையும் 59-வது இடத்தையும் மினசோட்டாவுக்குக் கொடுத்து 34-வது இடத்துக்கு ஏறி வாட்சனை எடுத்தது. 2014-ல் ஆடம்ஸை எடுத்ததும் அதே 53-வது இடத்தில். இந்த மாதிரி எண்கள் அந்த இருக்கைகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. யாரும் கைபேசியைத் தொடுவதில்லை. டொனால்டு டிரைவர் 1999-ல் ஏழாம் சுற்றில் 213-வதாக வந்தார், இந்த அணியின் வரலாற்றிலேயே அதிகமாக 10,137 யார்டு எடுத்துவிட்டுப் போனார். ஜோர்டி நெல்சன், கேன்சஸ் விவசாயி மகன், 2008-ல் 36-வது; அவர் போட்டிருந்த 87-ஐத்தான் அந்த முகாமில் டோப்ஸ் போட்டிருந்தார். ரேண்டல் காப் 2011-ல் 64-வது, முதல் ஆட்டத்திலேயே 108 யார்டு ஓடி டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தார். முதல் சுற்றில் ரிசீவர் எடுத்தது கடைசியாக 2002-ல், ஜாவன் வாக்கர். பேத்தி காப் பெயரில் மட்டும் கைதட்டினாள். காப் அப்போது அணிக்குத் திரும்பி வந்து மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

டோப்ஸின் ஒவ்வொரு பிடிக்கும் எழுந்து நின்றவர்களுக்குப் பின்வரிசையிலிருந்து ஒருவர் ஒரே ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்: ஜெஃப் ஜேனிஸ். சொன்னதும் அந்தப் பகுதியில் சிரிப்பும் பெருமூச்சும் ஒன்றாக எழும். ஜேனிஸ் மிஷிகனில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து 2014-ல் ஏழாம் சுற்றில் 236-வதாக வந்தவர். உயரம், வேகம், முகாமில் பிரமாதமான பிடிகள். இவரை ஏன் ஆட விடவில்லை என்று இந்த ஊர் இரண்டு ஆண்டு கேட்டது. ரூட்டைச் சொன்னபடி ஓடுவதில் அவர் மீது நம்பிக்கை வரவில்லை என்பதே காரணம். 2015 சீசன் முழுவதிலும் அவர் பிடித்தது இரண்டே பந்து. பிறகு 2016 ஜனவரியில் அரிசோனாவில், சீசன் முடிந்து நடக்கும் பிளே-ஆஃப் சுற்றில் ஓர் இரவு. மற்ற ரிசீவர்கள் காயத்தில் விழ, வேறு வழியின்றி ஜேனிஸ். ஏழு பிடி, 145 யார்டு, இரண்டு டச்டவுன். கடைசி நொடியில் ராஜர்ஸ் வானத்தை நோக்கி எறிந்த 41 யார்டு பந்தை இருவருக்கு நடுவே எழும்பிப் பிடித்து ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனார். அணி தோற்றது. ஜேனிஸ் அதற்குப் பிறகும் பெரும்பாலும் கிக் பந்துகளைத் துரத்தும் சிறப்புக் குழுவில்தான் ஆடினார். முகாமில் கண்டதும் உண்மை, அந்த இரவும் உண்மை, நடுவே நம்பி ஆடவைக்க முடியாமல் போனதும் உண்மை. பின்வரிசைக்காரர் அந்தப் பெயரைச் சொன்னது டோப்ஸை மட்டம் தட்ட அல்ல. அவர் ஜேனிஸை இன்னும் நேசிக்கிறார், அதனால்தான் அந்த நினைவு அவரை உறுத்துகிறது என்று எனக்குப் பட்டது.

ஆடம்ஸ் கதை இதற்கு நேர் எதிர். 2015-ல், தன் இரண்டாம் ஆண்டில், 483 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். கைக்கு வந்த பந்துகள் நழுவின. அப்போது அவரை அனுப்பிவிடச் சொன்னவர்களில் தாமும் ஒருவர் என்று ஆசிரியை சொன்னார். அடுத்த ஆண்டே 997 யார்டு, 12 டச்டவுன். 2020-ல் 18 டச்டவுன். பெரியவர் மட்டும் 2015-லும் ஆடம்ஸை விட்டுக்கொடுக்கவில்லையாம். காரணம் கேட்டேன். "கை நடுங்கிச்சு. கால் நடுங்கலை" என்றார்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் பழமொழி. முளையில் எதைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. கிரீன் பேயில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறார்கள். பிடி என்பது கண்ணை நிறைக்கிற விஷயம். அதை வைத்து ஆகஸ்டில் ஒருவரைக் கொண்டாடுவதும் செப்டம்பரில் தூக்கி எறிவதும் எளிது. கால், ரூட், பந்து வராதபோது காட்டும் ஒழுங்கு, இவை அலுப்பூட்டுபவை. ஆனால் குவார்ட்டர்பேக்கின் நம்பிக்கை அந்த அலுப்பான விஷயங்களில்தான் சேர்கிறது. சீசனுக்கு முந்தைய ரசிகர் பேச்சை வீண் பேச்சு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அங்கே கேட்டது நினைவும் கண்ணும் பழகிய பேச்சு. நாற்பது முகாம்களைப் பார்த்த ஒருவர் நாற்பது ஆண்டுகளின் ரூக்கிகளையும் மனதில் நிறுத்தி எதிரே ஓடுகிற பையனை எடைபோடுகிறார். அணியின் அலுவலகத்தில் சம்பளம் வாங்குபவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

மைதானத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மூடிய பயிற்சிக்கூடத்தின் பெயர் டான் ஹட்சன் சென்டர். எல்லா ரூக்கி கதைகளுக்கும் முந்திய கதை அவருடையது. 1935-ல் அலபாமாவிலிருந்து வந்தார். அந்த செப்டம்பரில் சிகாகோ பேர்ஸுக்கு எதிராக ஆர்னி ஹெர்பர் எறிந்த பந்தைப் பிடித்து 83 யார்டு டச்டவுன். ஆட்டம் 7-0 என்று அதிலேயே முடிந்தது. 1945-ல் ஓய்வு பெறும்போது 99 டச்டவுன் பிடிகள். ஸ்டீவ் லார்ஜெண்ட் 1989-ல் அதைத் தாண்டும்வரை யாரும் அந்த எண்ணை எட்டவில்லை. பந்தை எறிவதே அவசரத்துக்குச் செய்யும் காரியமாக இருந்த காலத்தில், திட்டமிட்ட ரூட்டுகளை ஓடி ஏமாற்றித் தனியே நிற்கும் கலையை வளர்த்தவர் ஹட்சன். அவர் பெயர் எழுதிய சுவரின் நிழலில் இந்தப் பையன்கள் காலை ஊன்றித் திரும்பப் பழகுவது எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றியது.

90-ல் 37 பேர் போயாக வேண்டும் என்பதை மறந்துவிட்டு அங்கே உட்கார முடியாது. டிராஃப்டில் யாரும் எடுக்காமல் வந்த ரிசீவர்கள் மூன்றாம் குழுவோடு கடைசியில் ஓடுவார்கள். முகாமில் ஆள் அதிகம் என்பதால் தாக்குதல் பக்கம் ஒருவருக்கும் தடுப்புப் பக்கம் ஒருவருக்கும் ஒரே எண் இருக்கும். இவர்களுக்கு ஒரு காலையில் இரண்டு பந்து வந்தால் பெரிது. அதில் ஒன்று நழுவினால் அன்றைய நாள் போய்விட்டது. இடம்பிடிக்க ஒரே குறுக்குவழி, உதைத்த பந்தின் பின்னால் வெறியோடு ஓடி எதிராளியை வீழ்த்தும் வேலை. அதை யார் மனமுவந்து செய்கிறார்கள் என்று ஆசிரியையின் நோட்டில் தனிப் பக்கமே இருந்தது. அவர்கள் நல்லது செய்யும்போது இருக்கைகளில் கைதட்டல் சற்று அதிகமாகவே எழுந்தது. யாரும் சொல்லிக்கொடுத்த தட்டல் இல்லை.

பயிற்சி முடிந்த பிறகு ஆற்றோரமாகத் தெற்கே போனால் டி பியர் என்ற சின்ன ஊர். அங்குள்ள செயின்ட் நோர்பர்ட் கல்லூரி விடுதியில்தான் 1958 முதல் முகாம் நாட்களில் ஆட்டக்காரர்கள் தங்குகிறார்கள். மரநிழல், செங்கல் கட்டடங்கள், ஆற்றுக் காற்று. அதைத் தாண்டி அங்கே பார்க்க அதிகமில்லை.

வெள்ளிக்கிழமை மாலை விஸ்கான்சினில் பொரித்த மீன் சாப்பிடாமல் இருப்பது குற்றம் போல. ஆகஸ்ட் 12 வெள்ளிக்கிழமை. அன்றுதான் சான் பிரான்சிஸ்கோவோடு முதல் பயிற்சி ஆட்டம், அவர்கள் மைதானத்தில். ஒரு மதுக்கடையோடு சேர்ந்த உணவகத்தில் மீனும் உருளைக்கிழங்கு அடையும் கம்பு ரொட்டியும் தட்டில் இருக்க, கூடமே தொலைக்காட்சியைப் பார்த்தது. ராஜர்ஸ் ஆடவில்லை, ஜோர்டன் லவ் எறிந்தார். 33 யார்டு தூரத்திலிருந்து வந்த பந்தைப் பிடித்து டோப்ஸ் டச்டவுன் போட்டபோது மேசைகள் அதிர்ந்தன. அதே ஆட்டத்தில் பிடித்திருக்க வேண்டிய பந்தைத் தவறவும் விட்டார். அணி 28-21 என்று தோற்றது. தோல்வியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பிடித்த பந்தைப் பற்றி ஒரு மேசையும் விட்ட பந்தைப் பற்றி இன்னொரு மேசையும் இரவு வெகுநேரம் பேசின.

அடுத்த வாரம் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி கூட்டுப் பயிற்சிக்காக ஊருக்கு வந்தது. வாட்சனும் அதற்குள் களத்துக்குத் திரும்பியிருந்தார். அந்தப் பயிற்சியின் முதல் நாள் முடிந்ததும் ராஜர்ஸ் நிருபர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்: இளம் ரிசீவர்கள் பந்தைத் தவறவிடுவது அதிகம், தவறான ரூட் ஓடுவது அதிகம், ஒரு நிலையாக ஆடுவதில்லை. மறுநாள் ஊரில் எந்த உணவகத்தில் நுழைந்தாலும் இதே பேச்சு. இருபத்திரண்டு வயதுப் பையன்களை நாட்டுக்கே கேட்கும்படி கண்டிக்கலாமா என்று ஒரு கட்சி. மேடையில் புகழ்ந்ததை ஏற்றுக்கொண்டவர்கள் கண்டிப்பையும் ஏற்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. எனக்கு முதல் கட்சியின் மீது மனம் சாய்ந்தது. நம்பிக்கை கொடுக்க வேண்டியவர் கையில்தான் பந்து இருக்கிறது. அறைக்குள் சொன்னாலும் அதே பாடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் ராஜர்ஸ் பட்டியலிட்டதில் பாதி, அலுமினியப் பலகையில் உட்கார்ந்து பெரியவர் எனக்குக் காட்டிய அதே விஷயங்கள்.

செப்டம்பர் 11, மினசோட்டா. சீசனில் பேக்கர்ஸின் முதல் தாக்குதல் முயற்சி. வாட்சன் தன்னைத் தடுத்தவரைத் தாண்டித் தனியே ஓடினார். ராஜர்ஸின் பந்து நேராகக் கைக்கு வந்தது. 75 யார்டு டச்டவுன் ஆகியிருக்க வேண்டியது, நழுவி விழுந்தது. என் ஊருக்குத் திரும்பிவிட்ட நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பந்து விழுந்ததும் என் கண் தானாக மறுபடி ஓட்டிக் காட்டிய படத்தில் அவருடைய காலைத் தேடியது. முதல் அடியில் தயக்கமில்லை, வேகம் குறையவில்லை, அனுபவம் மிக்க ஒரு கார்னர்பேக் பின்னால் விடப்பட்டிருந்தார். அந்த வாரம் முழுக்க அவரைத் திட்டினார்கள். மூன்றாம் வாரம் டம்பாவில் டோப்ஸ் எட்டுப் பந்து பிடித்து ஒரு டச்டவுன் போட்டார், முகாம் சொன்னது சரிதான் என்றார்கள். நவம்பர் தொடக்கத்தில் டெட்ராய்டில் ஆட்டம் தொடங்கிய உடனேயே டோப்ஸின் கணுக்கால் போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு, ஐந்து தொடர் தோல்விகளுக்குப் பிறகு, லாம்போ ஃபீல்டில் டாலஸுக்கு எதிராக வாட்சன் நான்கே பிடியில் 107 யார்டு, மூன்று டச்டவுன். கூடுதல் நேரத்தில் 31-28 வெற்றி. அந்த ஆட்டத்தையும் சேர்த்து நான்கு ஆட்டங்களில் எட்டு டச்டவுன். சீசன் முடிவில் வாட்சனுக்கு 611 யார்டு, டோப்ஸுக்கு 425. அணி பிளே-ஆஃப் போகவில்லை.

டோப்ஸும் அத்தோடு முடிந்துவிடவில்லை. 2024 ஜனவரியில் டாலஸில் நடந்த பிளே-ஆஃபில், ஜோர்டன் லவ் எறிய, ஆறு பிடியில் 151 யார்டு எடுத்தார். அந்த ஆட்டத்தில் மற்றவர்களைவிட அவரைத் தேடித்தான் பந்து போயிற்று. வாட்சனைத் தொடைத்தசை பல வாரங்கள் உட்காரவைத்தது; 2025 ஜனவரியில் முழங்கால் தசைநார் அறுந்தது. அவ்வளவு வேகமான உடல் இப்படி மீண்டும் மீண்டும் உடைவதைப் பார்க்க எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை.

2025 டிராஃப்ட் கிரீன் பேயிலேயே, லாம்போ ஃபீல்டின் வாசலில் நடந்தது. ஏப்ரல் 24 இரவு, 23-வது இடத்துக்கு முறை வந்தபோது அணி நிர்வாகத்தின் அப்போதைய தலைவர் மார்க் மர்ஃபி மேடையேறி டெக்சஸ் பல்கலைக்கழகத்து ரிசீவர் மேத்யூ கோல்டனின் பெயரைப் படித்தார். 2002-க்குப் பிறகு முதல் சுற்றில் ஒரு ரிசீவர். கூடியிருந்த கூட்டத்தின் ஆரவாரம் சில நிமிடம் அடங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஆசிரியை இருந்திருப்பார், நோட்டோடு. பெரியவர் வீட்டிலேயே இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். கோல்டனின் கைகளைப் பற்றி அன்றைக்கே நாடெங்கும் பேசிவிட்டார்கள். ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சியில் அவருடைய முதல் அடி எப்படி இருக்கிறது என்று பெரியவரைத்தான் கேட்க வேண்டும்.